மஞ்சள் வைக்காத சேலை

வெண்பாறைச் சிமெண்டு ஆலைக் குடியிருப்பில், ஆனி மாதத்து மேல்காற்று மூன்றாவது வாரமாக ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிக்குக் கல்சுரங்கத்தில் வழக்கமான வெடி வெடித்து, ஜன்னல் கண்ணாடிகள் வழக்கம்போல் அதிர்ந்து அடங்கி, சாப்பிட்ட களைப்பில் பெண்கள் தரையில் தலை சாய்த்த வேளையில், ஸ்டோர்கீப்பரின் மனைவி சண்முகத்தாயின் பீரோ தானாகத் திறந்து, அவள் பதினேழு வருடமாக உடுத்தாமல் எடுத்து வைத்திருந்த நாவல்பழ நிறப் பட்டுச்சேலை கீழே இறங்கி, மடிப்பு மடிப்பாகத் தன்னை விரித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்து, அவளுடைய பாதங்களின் மேல் படுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அது நெஞ்சுவரை வந்தது. சனிக்கிழமை முகத்தை மூடியது.

வெள்ளிக்கிழமை காலை தெருக்குழாயடியில் அவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எங்க வீட்டு மனுசனுக்கு இல்லாத பிரியம் அந்தச் சேலைக்கு இருக்கு" என்றாள். சனிக்கிழமை மாலை அவளுடைய அண்ணன்மார் இருவரும், பிணத்தின் மேல் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச் சேலையைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தபோது, தங்கை ஏற்கெனவே தலைமுதல் கால்வரை புதுச்சேலையால் மூடப்பட்டிருப்பதையும், பல சாவுகளைப் பார்த்துப் பழகிய கை ஒன்று செய்ததுபோல் அதன் ஓரங்கள் உடம்புக்கு அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருப்பதையும் கண்டு, தாம்பாளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றார்கள்.

"எங்களுக்கு முந்தி கோடி போட்டது யாரு?" என்று மூத்தவர் கேட்டார்.

வெண்பாறையில் நல்ல துணி உடுத்துவது என்பது கிடையாது. ஆலையின் இரண்டு புகைக்கூண்டுகளும் இரவு பகலாகச் சாம்பல் நிறத் தூசியை இறைத்தன. அது வாழையிலையில் விழுந்தது, தயிரில் விழுந்தது, கோலத்தின் மேல் இன்னொரு கோலமாக விழுந்தது. இந்தத் தூசிக்கு எதுக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே, சீராக வந்த சேலைகளையும் நீண்ட காலப் பணிக்குப் பரிசாகக் கிடைத்த சபாரித் துணிகளையும் கண்ணாடித்தாள் உறையைக்கூடப் பிரிக்காமல், அந்துருண்டை போட்டு, பீரோவில் அடுக்கிப் பூட்டினார்கள். நல்ல நாள் வரும்போது உடுத்தலாம் என்றார்கள். புதுத்துணியை உடுத்துமுன் அதன் மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும் என்பதால், உடுத்தாத துணி எதற்கும் மஞ்சள் இல்லை. முப்பது வருடத்தில் அந்த நூற்றெண்பது வீடுகளின் பீரோக்களில் மஞ்சள் படாத துணி மலைபோல் சேர்ந்துபோயிருந்தது.

இஸ்திரி வண்டி வேலாயுதம்தான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார். சண்முகத்தாயை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வருகையில், கரிப்பெட்டியில் தணலை ஊதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மஞ்ச வைக்காத புதுத்துணிக்கு ஊருல ஒரே ஒரு சோலிதான் உண்டும், பொணத்துக்குக் கோடி போடுதது. நீங்க அதுக்கு வேற சோலி குடுக்கல. அது தெரிஞ்ச சோலியப் பாக்குது. துணியக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

ஆடி முடிவதற்குள் மேலும் நான்கு வீடுகளில் அழுகுரல் கேட்டது. அதற்குள் மக்கள் துணிகளின் குணத்தை, மழைக்குணத்தை அறிந்துகொள்வதுபோல, பட்டுப்பட்டு அறிந்துகொண்டார்கள். துணி தன்னை உடுத்த வேண்டியவரைத் தேடி வருவதில்லை, எடுத்து வைத்துப் பூட்டியவரைத் தேடித்தான் வருகிறது என்பது பாய்லர் ராமையாவின் வீட்டில் தெரிந்தது. அவருக்கு வந்த ஆறு சட்டைத் துணிகளை மனைவிதான் பூட்டி வைத்திருந்தாள், அவை மூன்று நாளும் அவரைத் தாண்டிப் போய் அவளைத்தான் மூடின. தானமாகக் கொடுத்த துணி, வாங்கியவரின் வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தது. மகள் வீட்டுக்கு ஓடிப்போன ஒருத்தியைத் தேடி அவளுடைய சின்னாளப்பட்டுச் சேலை பகல் பஸ்ஸில் ஏறி, பெண்கள் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனதைக் கண்டக்டர் பார்த்தார். தீயிட்டுக் கொளுத்தியவரின் மேல் புகை வந்து படுத்தது. விழித்தே இருப்போம் என்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றவர்களும், தேடப்படுகிறவர்களாக இருந்தால், வெடிச்சத்தம் கேட்ட மாத்திரத்தில் நின்ற இடத்திலேயே மடங்கிச் சரிந்து தூங்கினார்கள். வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும், உரியவர் உடுத்த வேண்டும். அதிலும் அவசரம் ஆகாது. டைம்கீப்பர் பிச்சையா மஞ்சள் வைக்க மறந்து புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். உடம்பில் கிடந்தவரை அது சும்மா கிடந்தது. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கழற்றி ஆணியில் மாட்டினார், மூன்றாம் நாள் ஆணி வெறுமையாக இருந்தது.

ஆகவே வெண்பாறை உடுத்தத் தொடங்கியது. நாளுக்கு ஒன்றாக, மஞ்சள் வைத்து, விடியற்காலையிலேயே உடுத்தத் தொடங்கியது. பட்டுச்சேலைகள் குழாயடியில் வரிசை நின்றன. ஜரிகை வேட்டிக்கு மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆண்கள் அரவைக்கூடத்துக்குப் போனார்கள். பேத்திக்குப் போட வேண்டுமென்று வைத்து, பேத்தி வளர்ந்துவிட்ட கவுன்களை அவளுடைய ஒரு கைக்காவது மாட்டி, மஞ்சள் வைத்து, ஒரு பகல் முழுவதும் அப்படியே உட்கார வைத்தார்கள். பயத்தில் தொடங்கியதுதான், ஆனாலும் சில நன்மைகள் அழைக்காமலேயே வந்து சேர்ந்தன. பட்டு கிழிந்துவிடுமே என்று குழாயடிச் சண்டைகள் வாயோடு நின்றன. கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி குனிய விடாததால் இருபது வருடமாகக் கூனி நடந்த குமாஸ்தாக்கள் நிமிர்ந்து நடந்தார்கள். பேக்கிங் பிரிவில் ஒருவர், காப்பி கொண்டுவந்த தம் மனைவியை யாரோ என்று நினைத்து எழுந்து நின்றார். அவள் மூன்று தெருவுக்கு அதைச் சொல்லி மகிழ்ந்தாள். ஆலை மருந்தகத்தில் தலைவலி, முதுகுவலி என்று வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கம்பவுண்டர் சொன்னார். ஆனால் பகல் ஒன்றரைச் சங்கு ஊதியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தி, அடுத்தவர் முந்தானையையும் காலரையும் தூக்கி மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அந்தக் குடியிருப்பில் ஆவுடையம்மாள் என்பவள் தன்னுடைய இருபத்துமூன்று சேலைகளையும் இருபத்துமூன்று நாளில் உடுத்தி முடித்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்; ஒவ்வொன்றிலும் மஞ்சளைச் சுட்டுவிரலால் வைத்து, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து, கணவர் பிரமநாயகத்தின் வேட்டி சட்டைகளையும் அப்படியே தீர்த்தாள். மகனும் மகளும் வெளியூரில். பீரோவின் அடித்தட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: கரும்பச்சைக் கரையிட்ட அரக்குச் சேலை. அது அவளுடைய நாத்தனார் உலகம்மாளின் கூறைச்சேலை.

அதன் கதையைக் குடியிருப்பு முழுவதும் அறியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் தவறிப்போனார். துக்கம் கழிந்து வேறு நாள் பார்க்கலாம் என்றார்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை, சொல்லும் அனுப்பவில்லை. ராசியில்லாத பெண் என்று விட்டுவிட்டார்கள். ரோஷக்காரரான பிரமநாயகம் தாமாகப் போய்க் கேட்கமாட்டேன் என்றுவிட்டார். அடுத்தடுத்து வந்த இடங்களும் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப்போயின. உலகம்மாள் அண்ணன் வீட்டிலேயே தங்கி, அண்ணன் பிள்ளைகளை வளர்த்து, மைனி ஆவுடையம்மாள் உடுத்திக் கழித்த பழஞ்சேலைகளை உடுத்தி, நாற்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டாள். தனக்கென்று ஒரு துணியையும் எடுத்து வைக்காத ஒரே ஆள் என்பதால், குடியிருப்பில் பகல் இரண்டு மணிக்கு நிம்மதியாக உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"உலகு, அந்தக் கூறைய எடுத்து ஒரு நா உடுத்திரு" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், மயில்கழுத்துப் பட்டில் வந்து அம்மி அருகே உட்கார்ந்துகொண்டு. "குடியிருப்புலயே மஞ்ச படாம கெடக்கது அது ஒண்ணுதான். நெனச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது."

"உங்களுக்கு ஏன் நடுங்குது அக்கா? உங்க பீரோவா?"

"வாயப் பாரு. ஒனக்காகச் சொன்னா..."

"எனக்கு எதுக்கு அது வரும்? அத எடுத்து வச்சுப் பூட்டுனது நானா?" என்று கேட்டுவிட்டு, உலகம்மாள் உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

அடுப்படியில் நின்ற ஆவுடையம்மாள் அதைக் கேட்டாள். பேச்சியம்மாளுக்குத் தெரியாத ஒன்று, பிரமநாயகத்துக்கும் தெரியாத ஒன்று, அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். துக்கம் கழிந்த நாற்பதாம் நாள், மாப்பிள்ளையின் அத்தையும் இன்னொரு பெரியவரும் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்தார்கள். வீட்டில் ஆவுடையம்மாள் மட்டும் இருந்தாள். மடியில் வலிப்பு வந்து வந்து ஓய்ந்த ஏழு மாதக் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. உலகு பால் வாங்கப் போயிருந்தாள். அந்தக் குழந்தை உலகுவின் தோளில் மட்டும்தான் தூங்கும். அவள் போய்விட்டால் இந்த வீட்டை எப்படித் தாங்குவது என்று ஒரு நொடி நினைத்தாள்; அந்த ஒரு நொடியில் வாய் தானாகச் சொன்னது: "உலகுக்கு வேற எடம் முடிவாயிட்டு. நீங்க அலைய வேண்டாம்." அவர்கள் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பழம் ஏது என்று உலகு கேட்டபோது, தெருவில் ஒருவன் விற்றுப் போனான் என்றாள். அன்று மாலை கூறைச்சேலையை மடித்து உறையிலிட்டு, நல்ல நாள் வரட்டும் என்று சொல்லி, அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். சாவி இன்றுவரை அவளுடைய இடுப்பில்தான் இருக்கிறது.

ஆவணி இரண்டாம் திங்கள்கிழமை வெடிச்சத்தம் அடங்கி ஆவுடையம்மாள் விழித்தபோது, அந்துருண்டை வாடை அடித்தது, பாதங்கள் கனத்தன. குனிந்து பார்த்தாள். அரக்குச் சேலை, இருபத்திரண்டு வருட மடிப்புகள் கோடு கோடாகத் தெரிய, இரண்டு கணுக்கால்களையும் மூடிக் கிடந்தது. கூடத்தின் மறுகோடியில் உலகம்மாள் உளுந்துச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டுபோய்ப் பூட்டினாள். சாவியைத் திருப்புகையில், பூட்டி என்ன ஆகப்போகிறது என்று சாவியே கேட்பதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அது நெஞ்சுவரை வந்தது. பட்டு இவ்வளவு குளிரும் என்று அவள் அறிந்ததில்லை. எழுந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"உலகு, ஒரு நாளைக்கு அந்தச் சேலைய உடுத்தும்மா. ஒரே ஒரு நா. மஞ்ச நான் வச்சுத் தாரேன்."

"கூறைய உடுத்தணும்னா அதுக்குன்னு ஒரு நாள் வேணும்லா மைனி" என்றாள் உலகம்மாள், குரலை உயர்த்தாமல். "எனக்கும் அப்படி ஒரு நாள் இருந்திச்சு. அது எங்க போச்சுன்னு சொல்லுங்க, உடுத்துதேன்."

ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அங்கே பிரமநாயகத்தின் முகம் நின்றது, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் முகம் நின்றது, சொல்லிவிட்டு அதே வீட்டில் அதே அடுப்பில் இவளோடு எப்படி நிற்பது என்ற கேள்வி நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, பிரமநாயகம் ஆலைக்குப் போனபின், கதவைத் தாழிட்டு அந்தச் சேலையைத் தானே உடுத்திப் பார்த்தாள். ஊரெல்லாம் செய்யாத ஒன்றைத் தான் செய்து தப்பிவிடலாம் என்று பயம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மூலையில் மஞ்சள் வைத்தாள். பட்டு அதைத் தண்ணீர்போல் உறிஞ்சிக்கொண்டது. கொசுவம் வைத்துச் செருகினாள். அது அவிழ்ந்து, இன்னொருத்தி வீட்டுத் திண்பண்டத்தில் கை வைத்த பிள்ளையைத் தட்டிவிடுவதுபோல் அவள் விரல்களைத் தட்டிவிட்டுத் தரையில் சரிந்தது. பதினோரு ஊக்குகள் குத்திப் பார்த்தாள். பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. தரையில் சேலை சுருண்டு கிடக்க, உள்பாவாடையோடு நின்றபடி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். மூடப்படப்போகிறோம் என்று அந்த முகத்துக்கே தெரிந்த மாதிரி இருந்தது. தன் சேலையைக் கட்டிக்கொண்டு, அரக்குச் சேலையை மடித்து மறுபடி பீரோவில் பூட்டினாள்.

ஒன்றரைச் சங்கு ஊதியது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் தூக்கம் வராது என்று நினைத்து, நிறைகுடத்தோடு கூடத்தின் நடுவில் நின்றாள். வெடித்தது. குடம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஈரத்தரையில் மல்லாந்து கிடப்பது மட்டும் தெரிந்தது, இமையைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. பீரோக் கதவு திறக்கும் ஓசை. பிறகு பட்டின் சரசரப்பு, அவசரமில்லாமல், கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே நடந்து வருகிற பெண்ணின் நடைபோல. பாதம், முழங்கால், வயிறு, நெஞ்சு. சேலை கழுத்தருகே ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு முந்தானை எழும்பி அவள் முகத்தின் மேல் இறங்கியது. வாயில் அந்துருண்டைக் கசப்பு. உள்ளே இழுத்த மூச்சு பட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சுளகைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

உலகம்மாள் எழுந்து வந்து, மைனியின் கால்மாட்டில் கிடந்த மறுமுனையை எடுத்து, தான் உடுத்தியிருந்த பழஞ்சேலையை உருவிப் போட்டுவிட்டு, அந்த முனையைத் தன் இடுப்பில் செருகினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். சேலை ஆவுடையம்மாளின் கால்களைவிட்டு விலகியது. கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக, விரல் விரித்து, நிதானமாக வைத்தாள், வயிறு விடுபட்டது. இன்னொரு சுற்று, நெஞ்சு விடுபட்டது. முகத்தின் மேல் ஒரு சாண் முந்தானை மிஞ்சியபோது அவள் நின்றுவிட்டாள். அவளுடைய கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"மைனி, அந்த மலைவாழைப்பழம் ஏதுன்னு கேட்டேன். தெருவுல வித்துப் போனான்னு சொன்னீக. நம்ம தெருவுல அது அன்னைக்கு முன்னயும் வந்ததில்ல, பின்னயும் வந்ததில்ல. யாரு கொண்டாந்தது?"

முந்தானைக்கு அடியில், இல்லாத மூச்சைத் திரட்டி, ஆவுடையம்மாள் சொன்னாள். "அவுகதான். வந்தாக. நான்தான் அனுப்பிச்சேன்."

தெருவில் எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. ஆலைத் தூசி ஜன்னல் வெயிலில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நெடுநேரம் அந்த ஒரு சாண் பட்டு அங்கேயே இருந்தது. அது எவ்வளவு நேரம் என்று ஆவுடையம்மாள் பிற்பாடு பலமுறை கணக்குப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு உலகம்மாள் அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் தவழ்ந்து போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்தாள். வழியெல்லாம் மஞ்சள் சொட்டியது. "மூலையக் காட்டு உலகு. வச்சிருதேன்."

உலகம்மாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு வேண்டாம் மைனி" என்றாள். "நாளைக்குப் பாப்போம்."

அன்று மாலை அவள் அந்தச் சேலையோடு ரேஷன் கடைக்குப் போனாள். வழியில் வேலாயுதம் தணல் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பேச்சியம்மாள், "ஏளா, ஒனக்கு இம்புட்டு நீளக் கழுத்தா" என்று கேட்டாள். மறுநாளும் அதையே உடுத்தினாள், அதற்கு மறுநாளும். குனிந்தே நடந்த அவள் நிமிர்ந்து நடந்தாள்; அண்ணனிடம் தனக்குச் செருப்பு வேண்டும் என்று கேட்டாள்; மருந்தகத்துக்குத் தானே போய் இருபது வருடத்து இருமலைக் காட்டினாள்; பாலர் பள்ளியில் ஆயா வேலைக்கு மனுக் கொடுத்து, சேலையைப் பார்த்தே அவர்கள் நாற்காலி போட்டதாகச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். நாள்தோறும் உடுத்துவதால் வருகிற நன்மைகளுக்கு வெண்பாறையில் இப்போது அவளைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

மஞ்சளை மட்டும் அவள் வைக்கவிடவில்லை. மஞ்சள் இல்லாமல் உடம்பைவிட்டுக் கழன்றால் அந்தச் சேலை யாரைத் தேடி வரும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் தூங்கும்போது ஒருமுறை ஆவுடையம்மாள் வைத்துப் பார்த்தாள். உடுத்துகிறவள் கேட்காமல் வைத்த மஞ்சளைப் பட்டு மறுபடியும் குடித்துவிட்டது. ஒன்றையும் மறைத்து இனி ஆவதில்லை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரமநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தங்கையிடம் இதைப் பற்றிப் பேசத் தமக்கு வாயில்லை என்று எழுந்து போனார்.

இப்போது ஆவுடையம்மாள் விடிவதற்கு முன் எழுந்து, கஸ்தூரி மஞ்சளாகப் பார்த்து அரைத்து, கிண்ணத்தில் வழித்து வைக்கிறாள். சில நாள் உலகம்மாள் காலையிலேயே உடுத்திவிடுவாள். அன்றைக்கு ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கும். சில நாள் சேலைக்குக் காற்றாட வேண்டும் என்று முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு, நைந்த பழஞ்சேலையோடு வேலை பார்ப்பாள். முகத்திலிருந்து உருவிய துணி மறுபடி பாதத்திலிருந்துதான் தொடங்குமா என்று சொல்ல ஊரில் யாருமில்லை; அன்றைக்கெல்லாம் ஆவுடையம்மாள் கடிகாரத்துக்கும் கொடிக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பாள். ஒன்றரைச் சங்கு ஊதும். தெருவில் எல்லோரும் எல்லோருடைய மஞ்சளையும் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கதவைச் சாத்துவார்கள். கொடியில் அரக்குச் சேலை மேல்காற்றில் உப்பி, அடங்கி, வீட்டுப் பக்கம் திரும்பும். குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் ஓசை, ஒரு செம்பு, பிறகு நெடுநேரம் கழித்து இன்னொரு செம்பு.

"உலகு" என்று மஞ்சள் கிண்ணத்தோடு கதவருகே நின்று மெல்லக் கூப்பிடுவாள்.

"வாரேன் மைனி" என்று உள்ளிருந்து பதில் வரும். "இன்னும் பத்து நிமிசம் இருக்குல்லா."